‘லைன்’ என்னும் ஒரு சொல்

(தூத்துக்குடியில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



இன்று காலை தொடர்வண்டியினின்று இறங்கி இவ்வரங்கிற்கு வந்து சேர்வதற்குள் ஒரே ஆங்கிலச் சொல்லை ஆறு முறை கேட்டேன். நிலையத்தில் ஒரு தாய் தன் பிள்ளையை, ‘லைனைத் தாண்டாதே’ என்று கடிந்தாள். பேருந்து நிறுத்தத்தில், ‘லைனில் வா’ என்றார்கள். தேநீர்க்கடையில் தொலைப்பேசியை வைத்திருந்தவர், ‘லைன் கிடைக்கவில்லை’ என்றார். துறைமுகச் சாலையில், ‘எந்த லைன் கப்பல்?’ என்று சரக்குந்து ஓட்டுநர் ஒருவர் வினவினார். மீன்பிடி துறையில், ‘லைன் போட்டிருக்கிறோம்’ என்றனர். அங்கேயே ஒரு முதியவர் தம் மகனைப் பற்றிச் சொல்லும்போது, ‘அவன் வேறு லைனுக்குப் போய்விட்டான்’ என்று பெருமூச்செறிந்தார்.

லகரம் தமிழில் சொல்லுக்கு முதலாக வாராது. ஆயினும் மக்கள் ஒலிக்கின்றவாறே எழுதிக் காட்டுகின்றேன். நோயைக் காட்டும்போது மறைத்துக் காட்டலாகாது.

ஆங்கிலத்தின்மேல் எனக்குச் சினமில்லை. அச்சொல் அவர்களிடத்து முறையாக வளர்ந்த சொல். ஆளிச்செடிக்கு இலத்தீனில் ‘லீனும்’ என்று பெயர். அதன் நாரினாற் செய்த நூல் ‘லீனியா’. நூலை இழுத்துப் பிடித்து அளந்தார்கள். அளந்த அடையாளம் கோடாயிற்று. கோட்டின்மேல் நின்றவை வரிசையாயின. கோடுபோற் செல்லும் கப்பல் தடமும், அத்தடத்தில் கப்பல் விடும் குழுமமும், ஒருவன் மேற்கொண்ட தொழிலும் அப்பெயரே பெற்றன. அவர்கள் எதனையும் இழக்கவில்லை. கயிற்றுக்கும் கம்பிக்கும் வரிசைக்கும் தனித்தனிச் சொற்கள் அவர்களிடம் இன்றும் உள்ளன. உயிரச்சம் உள்ளவிடத்து முன்னே ஓர் அடைமொழியும் சேர்த்துக்கொள்வர். கப்பலின் புறத்தே தீட்டும் சுமைக்கோட்டை அவர்கள் வெறும் ‘லைன்’ என்பதில்லை. ‘லோடு லைன்’ என்பர். பிளிம்சால் என்பார் போராடி 1876-ஆம் ஆண்டில் அக்கோட்டைச் சட்டமாக்குவித்தார். அது மூழ்கினால் எத்தனை மாலுமிகள் மூழ்குவர் என்பதை அறிந்தவர் அவர்.

நாமோ அடைமொழியை அறுத்தெறிந்துவிட்டு வாலை மட்டும் பிடித்துக்கொண்டோம். ஒரு பொருளில் நுழையும்போது தண்டவாளத்தைத் தள்ளியது. மற்றொன்றில் வரிசையைத் தள்ளியது. பிறிதொன்றில் மின்கம்பியைத் தள்ளியது. விருந்தாக வந்த ஒருவன் ஆறு அறைகளையும் பூட்டிக்கொண்ட கதை இது.

இதனால் என்ன கேடு என்பீர்கள். நான் கண்டதைச் சொல்கிறேன். பல்லாண்டுகளுக்கு முன், மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியலில், இக்கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், ‘லைன் அறுந்து கிடக்கிறது!’ என்று எவரோ கூவினார். தூண்டிற்கயிறு அறுந்ததாக எண்ணிய ஓர் இளைஞன் அதனை எடுக்கக் குனிந்தான். மீன் காய வைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, ‘ஏலே, கம்பிடா! கம்பி!’ என்று அலறினாள். அவன் கை நின்றது. பள்ளிப்படியை மிதியாத அந்த அம்மையின் வாயில் ஒரு தமிழ்ச்சொல் எஞ்சியிருந்ததால் ஓர் உயிர் எஞ்சியது. அன்று முதல் இச்சொல்லை நான் விளையாட்டாக எண்ணுவதில்லை.

கயிற்றின் அருமையை இவ்வூருக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. கொற்கைக் காலந்தொட்டு முத்தெடுத்த கரை இது. 1961-ஆம் ஆண்டோடு இங்கு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆனால் அதனைக் கண்டவர் வாயிலாகக் கேட்டவர் பலர் இங்குள்ளீர். எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில், பாரின்மேல், கல்லைக் காலிற் கொளுவி மூச்சடக்கி இறங்குவான் ஒருவன். மேலே தோணியில் மற்றொருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால் உடனே தூக்க வேண்டும். அக்கயிற்றை மைத்துனன் கையிலன்றிப் பிறர் கையிற் கொடார் என்பர். தமக்கையோ தங்கையோ தாலியறுவாள் என்னும் நினைவு அவன் கையைத் தளரவிடாது. அத்தகைய கயிற்றுக்குப் பெயர் ‘லைன்’ என்றால் என் நெஞ்சு ஒப்பவில்லை.

நூல், சரடு, கயிறு, வடம், நாண், தாம்பு: ஒவ்வொன்றும் வேறு பருமன், வேறு வேலை. நெடுங்கயிற்றில் எண்ணற்ற முட்களைக் கோத்து விடும் தூண்டிலுக்கு நம் தென்கடற்கரை மீனவர் ‘ஆயிரங்கால் தூண்டில்’ என்று பெயரிட்டனர். எந்தப் புலவரும் அமர்ந்து ஆக்கிய பெயரன்று அது. அதனை விடுத்து ‘லாங் லைன்’ என்கிறோம்!

பல பொருள் தாங்கும் ஒரு சொல் வேண்டுமென்றால் அதுவும் நம்மிடம் உண்டு. ‘வரி’ என்னும் சொல்லைப் பாருங்கள். கோடு வரி, எழுத்தின் ஒழுங்கு வரி, புலியின் உடற்கோடு வரி, அரசுக்கு இறுப்பது வரி, இறுகக் கட்டுவது வரிதல், நிரல்பட நிற்பது வரிசை. நெய்தல் நிலத்துப் பாட்டும் வரி. இளங்கோவடிகள் ‘கானல்வரி’ என்று ஒரு காதைக்கே பெயர் வைத்தார். இத்துணை வளத்தை வைத்துக்கொண்டு இரவற்சொல் ஏந்தி நிற்கிறோம்.

கடல் கடந்து சென்ற நம்மவரையும் இச்சொல் விடவில்லை. இத்துறையினின்றும் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழையர் ஓரறைக் குடியிருப்புகளில் நிரையாக அடைக்கப்பட்டனர். அக்குடியிருப்புகளை ‘லயம்’ என்றும் ‘லயன்’ என்றும் வழங்கினர். அது ‘லைன்’ என்பதன் திரிபென்பர் சிலர். குதிரை இலாயத்தின் பெயரென்பர் சிலர். இரண்டில் எதுவாயினும் வீடு என்று எவரும் சொல்லவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதே துறையில் 1906-ஆம் ஆண்டு சிதம்பரனார் கப்பற் குழுமம் கண்டபோது, அது தமிழில் ‘சுதேசி நாவாய்ச் சங்கம்’ என வழங்கிற்று. முன்னும் பின்னும் வடசொல், நடுவே தமிழ். அந்த நடுச்சொல்லுக்காக முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பொறுத்துக்கொள்கிறேன்!

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொருவரும் ஓர் ஏட்டில், தோணியிலும் வலையிலும் தூண்டிலிலும் வழங்கும் கயிற்றுப் பெயர்களை, வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வாருங்கள். வேம்பாறு, மணப்பாடு, புன்னைக்காயல் அன்பர்கள் தத்தம் ஊர் வழக்கைத் தனியே குறித்துத் தருக. ஒலிப்பைத் திருத்த வேண்டா. அவர்கள் சொன்னவாறே எழுதுங்கள்.