பகலொளியில் வீடு திரும்பும் ஊர்



வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டங்களில் உள்ள தமிழ்ச் சமணச் சிற்றூர்கள் பலவற்றில் இன்று காணும் காட்சி ஒன்று உண்டு. ஜினாலயம் பழுது பார்க்கப்பட்டுப் பொலிவோடு நிற்கிறது. திருவிழா நாளில் தெருவெங்கும் வண்டிகள் நிறைகின்றன. மறுநாள் காலையில் அபிஷேகத்திற்கு உபாத்தியாயரும் முதியோர் இருவர் மூவருமே நிற்கின்றனர். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருக்கின்றனர். அவர்கள் அறத்தை மறந்தவர் அல்லர். பொருளுதவியில் குறை வைப்பவரும் அல்லர். வேலை அங்கே இருந்தது, சென்றனர். ஆயினும் கோயிலுக்கு வேண்டுவது நன்கொடை மட்டுமன்று; நாள்தோறும் கதவு திறக்கும் கைகளும் வேண்டும்.

படித்தவர்க்குத் தக்க தொழில் பெருநகரில்தான் உண்டு என்னும் கருத்து உண்மையா? இவ்வினாவுக்கு விடை கூறும் சான்று ஒன்று தமிழகத்தின் தென்கோடியில், குற்றாலச் சாரல் வீசும் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது.

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிந்து உருவான அம்மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது புளியங்குடி. திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை அந்நகரின் ஊடே செல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 66 ஆயிரம். ஊருக்குள் இரயில் நிலையம் இல்லை. சங்கரன்கோவிலுக்கோ பாம்புக்கோவில் சந்தைக்கோ செல்ல வேண்டும். இருப்பினும் தமிழகம் முழுவதும் அறிந்த ஊர் அது. காரணம் எலுமிச்சை.

சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பறித்த காய்கள் புளியங்குடிச் சந்தைக்கு வருகின்றன. அளவும் நிறமும் பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டு, கமிஷன் மண்டிகளில் ஏலம் போகின்றன. பெரும்பகுதி மலையைக் கடந்து கேரளம் செல்கிறது. 2025-ஆம் ஆண்டில் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோடையில் விலை ஏறும். மழைக்காலத்தில் பறிக்கும் கூலிக்கும் கட்டாத விலைக்கு இறங்குவதும் உண்டு. இத்தனை ஏற்ற இறக்கங்களுக்கும் இடையில் உழவர், பறிப்போர், தரம் பிரிப்போர், மண்டிக்காரர், சாக்கு வணிகர், லாரி ஓட்டுநர் என ஒரு பொருளைச் சுற்றிப் பல குடும்பங்கள் தம் ஊரிலேயே தொழில் பெற்றுள்ளன. ஓர் ஊர் தனக்குரிய பொருளொன்றை நன்கு செய்தால், வாங்குவோர் அவ்வூரைத் தேடி வருவர்.

நிலமும் தோட்டமும் உள்ளவர்க்கு இது பொருந்தும். பொறியியல் படித்தவர்க்கு என்ன வழி என்று கேட்கலாம். அதற்கும் அதே மாவட்டத்தில் விடை உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமே இன்றைய ஸோஹோ. அது 2011-இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. சிலரோடு தொடங்கிய அவ்விடம் பல நூறு பேர் பணிபுரியும் இடமாக வளர்ந்தது. நிறுவனரான ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவிலிருந்து திரும்பி அச்சிற்றூர்ப் பகுதியிலேயே குடியமர்ந்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பள்ளிக்கல்வியும் பட்டயக்கல்வியும் முடித்த இளைஞரைச் சேர்த்து, கட்டணமின்றி, உதவித்தொகையும் அளித்துப் பயிற்றும் பள்ளியை அந்நிறுவனம் 2005 முதல் நடத்தி வருகிறது. உலகெங்கும் விற்கும் மென்பொருளை நெல்வயல்களுக்கு நடுவிலிருந்து உருவாக்கலாம் என்பது இன்று கருத்தளவில் நிற்பதன்று. நாள்தோறும் நடக்கும் செயல்.

தலைநகரிலிருந்து விலகிய இடத்தில் உயர்ந்த பணி நடப்பது அந்த வட்டாரத்திற்குப் புதிதும் அன்று. புளியங்குடியிலிருந்து கிழக்கே, சங்கரன்கோவிலைக் கடந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் சென்றால் கழுகுமலை வரும். பாண்டியர் தலைநகர் மதுரையாக இருந்த எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில், இம்மலை சமணத் துறவியர் கற்கவும் கற்பிக்கவும் இடமாயிருந்தது. முக்குடை நிழற்றும் தீர்த்தங்கரர்களும், பார்சுவநாதரும், பாகுபலியும், அம்பிகா இயக்கியும் அப்பாறையில் வரிசை வரிசையாக எழுந்தருளியுள்ளனர். கீழே வட்டெழுத்தில் செய்வித்தோர் பெயர்கள் உள்ளன. கோட்டாறு, இன்று சிதறால் எனப்படும் திருச்சாரணம் முதலிய ஊர்களைச் சேர்ந்த ஆசிரியரும், குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியரும் அப்பெயர்களுள் இடம்பெறுகின்றனர். மன்னன் அவையை நாடாமல், மலையடிவாரத்தில் அறிவுக்கு ஓர் இடம் அமைத்தவர் தமிழ்ச் சமண முன்னோர்.

தொழில் கிடைக்கும் என்பது சிறுநகரில் வாழ்வதற்கான முதற் காரணம். சிராவகர்க்கு அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. அது விரதம்.

இரவு உண்ணாமையை எடுத்துக்கொள்ளலாம். தமிழகத்தில் கதிரவன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.40-க்கும் 6.45-க்கும் இடையில் அமைகிறது. பெருநகரில் ஆறு மணிக்கு அலுவலகத்தை விட்டு இறங்குபவர், பேருந்திலும் மின்வண்டியிலும் நெரிசலைக் கடந்து வீடு சேரும்போது எட்டோ ஒன்பதோ ஆகிவிடும். விரதம் காக்க விரும்புவோர் அலுவலக மேசையில் ஆறிப்போன உணவை உண்கின்றனர். அல்லது விடுமுறை நாட்களுக்கு விரதத்தை ஒதுக்கி வைக்கின்றனர். மனம் இல்லாமையால் கைவிட்டோரைக் காட்டிலும், தொலைவு காரணமாகக் கைவிட்டோர் பலர் இருக்கக்கூடும். பணியிடம் பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் ஊரில், பகலொளி இருக்கும்போதே தாயும் தந்தையும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து உண்ணலாம். அப்பிள்ளைகளுக்கு விரதம் பாட்டியின் கதையாக இராது. வீட்டின் பழக்கமாக இருக்கும்.

குணவிரதங்களுள் திக்விரதமும் தேசவிரதமும் எண்ணப்படுகின்றன. இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்வதில்லை, இக்காலத்தில் இவ்வெல்லையைக் கடப்பதில்லை என்று இல்லறத்தார் தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொள்வது அது. ஆசைக்கு எல்லை இல்லை. காலுக்கு எல்லை வகுத்தால் ஆசையும் ஓரளவு அடங்கும் என்பது அதன் உட்பொருள். எல்லைக்கு அப்பால் தம்மால் நிகழும் தீங்கும் அதனால் இல்லாமற்போகிறது. நாள்தோறும் மூன்று மணி நேரம் சாலையில் கழியும் வாழ்க்கையோடு இதனை ஒப்பிட்டால், முன்னோர் கூறிய வரம்பு பழங்காலத்துக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

மிகுபொருள் விரும்பாமையும் இத்தகையதே. பெருநகரில் ஊதியம் கூடுதல் என்பது உண்மை. அதில் ஒரு பெரும்பகுதி வாடகைக்கோ வீட்டுக்கடனுக்கோ போய்விடுகிறது என்பதும் உண்மை. சிறுநகரில் குறைந்த ஊதியத்திலும் சிறு வீடும், கிணற்று நீரும், பெற்றோர்க்கு ஓர் அறையும் அமைகின்றன. தேவைக்கு மேல் ஈட்டியாக வேண்டும் என்னும் நெருக்கடி தளரும்போதுதான், பொருளளவு வகுத்துக்கொள்ளும் விரதத்தை மனமாரக் கைக்கொள்ள இயலும்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. பெருநோய் வந்தால் புளியங்குடியிலிருந்து திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டும். ஒரு வேலை போனால் அடுத்த தெருவில் மற்றொன்று கிடைப்பதில்லை. கணவன் மனைவி இருவர்க்கும் அவரவர் படிப்புக்கேற்ற பணி ஓரூரில் அமைவது அரிது. அவ்விடத்துப் பெரும்பாலும் பெண்ணே தன் பணியைத் துறக்கும்படி நேர்கிறது. அது நியாயமன்று. இரவுப் பணி உள்ள தொழிலாயின், ஊர் சிறிதாக இருந்தும் இரவு உண்ணாமை கடினமே. ஊர் மாறியதனாலேயே அறம் வந்துவிடாது. அறம் காக்க விரும்புவோர்க்கு ஊர் துணை நிற்கும், அவ்வளவே.

ஆகவே, இளையோர் அனைவரும் புளியங்குடிக்கும் தென்காசிக்கும் குடிபெயர வேண்டும் என்பது இவ்வுரையின் கருத்தன்று. அங்கு இயன்றது வடக்கேயும் இயலும் என்பதே கருத்து. ஆரணியில் அரிசி ஆலைகள் உண்டு; வந்தவாசிக்குக் கோரைப்பாய் புகழ் தந்தது; திண்டிவனம் சாலைகளும் இரயில் பாதையும் கூடும் இடம். இந்நகரங்களில் இருந்து பொன்னூர் மலையும், திருமலையும், மேல்சித்தாமூர் மடமும், அவற்றைச் சுற்றிய சிற்றூர் ஜினாலயங்களும் காலையில் சென்று திரும்பும் தொலைவில் உள்ளன. ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் வணிகமும் எழுத்தும் கைத்தொழிலும் அடங்கும். அந்நான்கிற்கும் அந்நகரங்களில் இடம் உண்டு.

வழியும் எளியதே. தொழில் நடத்துவோர் தம் நிறுவனத்தின் ஒரு பிரிவையேனும், பத்துப் பேர் அமரும் அலுவலகமாக, இந்நகரங்களுள் ஒன்றில் திறக்கலாம். அறக்கட்டளைகள் கல்வி உதவியோடு நின்றுவிடாமல், ஊரிலேயே தொழில் தொடங்கும் இளையோர்க்கும் இளம்பெண்களுக்கும் வட்டியில்லாக் கடன் அளிக்கலாம். வீட்டிலிருந்தே பணி செய்யும் வாய்ப்புள்ளவர் ஆண்டில் மூன்று மாதங்களேனும் ஊரில் தங்கிப் பார்க்கலாம். பெண் கொடுப்போர், மாப்பிள்ளை சென்னையில் இருக்கிறாரா என்று கேட்பதற்கு முன், மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்று கேட்கலாம்.

திருவிழா முடிந்து தேர் நிலைக்கு வந்த மறுநாளும் ஜினாலயத்துக் கதவு திறக்கப்படும். அப்போது முதியோரோடு இளையவர் ஒருவரும் அங்கு நின்று, அபிஷேகம் கண்டு, அங்கிருந்தே பணிக்குச் சென்று, பகலொளி மங்குமுன் வீடு திரும்பும் நாள் வருமாயின், கோயில்களைப் பழுது பார்த்தோரின் உழைப்பு முழுமை பெறும்.

அறம் வளர்க. அனைத்துயிரும் இன்புறுக.