இயேசுவை வரலாற்றில் தேடும் நூல்கள்



முதல் நூற்றாண்டில் கலிலேயாவில் வாழ்ந்த இயேசுவைப் பற்றி, வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு எவ்வளவு சொல்ல முடியும்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பேராசிரியர்கள் பொதுவாசகருக்காக எழுதிய நூல்கள் ஏராளம். அவற்றை நான் பல காலமாக ஆசையோடு வாசித்து வருகிறேன். அவற்றில் நல்லதை எப்படி அடையாளம் காண்பது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். இயேசு தம் கைப்பட எழுதிய எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. இருப்பவற்றில் பழையவை தொடக்ககாலக் கிறிஸ்தவப் போதகர் பவுலின் கடிதங்கள், அவை கி.பி. 50-களைச் சேர்ந்தவை. மாற்கு நற்செய்தி 70-ஐ ஒட்டி எழுந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் 93 வாக்கிலும், ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் 116 வாக்கிலும் இயேசுவைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். யோசேபஸின் பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவர்கள் சில சொற்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பலரும் கருதுகிறார்கள்.

சான்று குறைவாக உள்ள இடத்தில் எழுதுகிறவரின் விருப்பம் எளிதாக நுழைந்துவிடும். இறையியலாளர் ஆல்பர்ட் சுவைட்சர் 1906-இல் வெளியிட்ட நூலில் இதை அழுத்தமாக நிறுவினார். தமக்கு முன் எழுதப்பட்ட இயேசு வரலாறுகளை வரிசையாகச் சோதித்து, ஆசிரியர்கள் தங்கள் காலத்துக் கொள்கைகளையே இயேசுவின் மீது ஏற்றிவிட்டதைக் காட்டினார். இன்றைய நூல்களுக்கும் அது பொருந்தும். ஜான் டொமினிக் கிராசன் காட்டும் இயேசு, சமத்துவம் போதித்த குடியானவர். பார்ட் எர்மன் காட்டுபவர், இறுதிக்காலம் நெருங்கிவிட்டதென்று முழங்கிய தீர்க்கதரிசி. ரெசா அஸ்லான் 2013-இல் காட்டியவர், ரோம ஆட்சியை எதிர்த்து நின்ற போராளி. மூவரும் ஆதாரமாகக் கொண்டவை பெரும்பாலும் அதே ஏடுகள்தாம்.

அப்படியானால் எது நல்ல நூல்? தெரிந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்கிற நூல். இ.பி. சாண்டர்ஸ் 1993-இல் எழுதியதை இதற்காகவே முதலிடத்தில் வைப்பேன். திருமுழுக்கு யோவானிடம் இயேசு திருமுழுக்குப் பெற்றது, சீடர்களைச் சேர்த்தது, எருசலேம் ஆலயத்தில் சலசலப்பு உண்டாக்கியது, ரோம ஆளுநர் பிலாத்துவின் ஆணையால் சிலுவையில் மாண்டது என்று ஏறத்தாழ ஐயமற்ற செய்திகளை முதலில் வைக்கிறார். மற்றவற்றுக்கு எவ்வளவு உறுதி உண்டு என்பதைப் போகப்போகச் சொல்கிறார்.

திருமுழுக்கு நடந்தது என்று அறிஞர்கள் ஏன் நம்புகிறார்கள்? பாவமன்னிப்புக்காக யோவான் கொடுத்த திருமுழுக்கைத் தங்கள் ஆண்டவரே பெற்றார் என்பது தொடக்ககாலக் கிறிஸ்தவர்களுக்குச் சங்கடமான செய்தி. அதை அவர்களே புனைந்திருக்க மாட்டார்கள். மத்தேயு நற்செய்தியில் யோவான் தயங்கித் தடுப்பதாக வருவது அந்தச் சங்கடத்தின் தடயம். இப்படித் தடயம் பிடித்துப் போவதுதான் இந்த வாசிப்பின் பேரின்பம்.

நம் நாட்டைத் தொடும் ஒரு செய்தியும் உண்டு. இயேசு இளமையில் இந்தியாவுக்கு வந்தார் என்றும், அதைச் சொல்லும் ஏட்டை லடாக்கின் ஹெமிஸ் பௌத்த மடத்தில் கண்டதாகவும் ரஷ்ய எழுத்தாளர் நிக்கோலாஸ் நொட்டோவிச் 1894-இல் எழுதினார். மறு ஆண்டே டக்ளஸ் என்ற பேராசிரியர் அங்கே போய் விசாரித்தபோது, தலைமைத் துறவி அதை அடியோடு மறுத்தார். ஆனாலும் அந்தக் கதை புதுப்புது நூல்களில் வந்துகொண்டேயிருக்கிறது. சான்றைக் காட்டாத நூல் எவ்வளவு சுவையாக இருந்தாலும் வரலாறு ஆகாது.

விசுவாசிகள் இந்த நூல்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இயேசுவின் உயிர்த்தெழுதலை அளக்கும் கருவி வரலாற்றாசிரியரிடம் இல்லை. நம்பிக்கை இல்லாதவர்களும் ஒதுக்க வேண்டியதில்லை. உலகை இவ்வளவு மாற்றிய ஒருவரை அறிவது யாருக்கும் பயன் தரும். முதலில் மாற்கு நற்செய்தியை ஒரே அமர்வில் வாசியுங்கள். அடுத்து சாண்டர்ஸை வாசியுங்கள். பிறகு அவரோடு மாறுபடும் ஒருவரைத் தேடிப்பிடித்து வாசியுங்கள். அதற்குப் பின் உங்கள் முடிவுக்கு வாருங்கள்.