பொதுப்பணிக்கு ஒரு பொறி

(கணினி ஓவியம் பயிலும் இளைஞரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

மூவேந்தர்க்கும் மூன்று பொறிகள் இருந்தன. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல். காசிலும் கொடியிலும் அப்பொறியைக் கண்டவர்க்கு, ‘இது யாருடையது?’ என்னும் ஐயம் எழவில்லை. பொறி என்பது அவ்வினாவுக்கு எழுத்தின்றிச் சொல்லும் விடை. மன்னர் காலத்தில் அவ்விடை மன்னனைச் சுட்டியது. வணிக நிறுவனங்களின் காலத்தில் முதலாளியைச் சுட்டுகின்றது. எனின், எவரும் தமக்கே உரியதென்று சொல்லிக்கொள்ள இயலாத, பலர் கூடிச் செய்து எல்லார்க்கும் வழங்குகின்ற ஒரு பணிக்குப் பொறி வரைய வேண்டுமானால் அது யாரைச் சுட்ட வேண்டும்? வரைந்து முடித்தபின் அப்பொறி யாருக்கு உரியது?

கட்டற்ற மென்பொருட் பணிக்கு அடையாள ஓவியம் படைத்தல் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கைத்திறம் பற்றிய நுட்பங்களை உங்கள் ஆசிரியர்கள் என்னினும் நன்றாகக் கற்பிப்பர். நான் பேச வந்தது உரிமையைப் பற்றி. மென்பொருளுக்குத் தந்த விடுதலையை அதன் முகத்துக்குத் தர மறுத்தால் அவ்விடுதலை அரைகுறை விடுதலையே என்பது என் கருத்து. அதனை உலகில் நடந்த மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு நிறுவ முற்படுகின்றேன்.

முதற்கண் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரிச்சர்டு இசுடால்மன் என்பார் ‘குனூ’ என்னும் பணியைத் தொடங்கவிருப்பதாக அறிவித்தார். விரும்பியவாறு இயக்கும் உரிமை, உட்புகுந்து கற்று மாற்றும் உரிமை, படியெடுத்துப் பிறர்க்கு வழங்கும் உரிமை, மாற்றியதையும் வழங்கும் உரிமை ஆகிய நான்கும் உடையதே கட்டற்ற மென்பொருள். ஆங்கிலத்தில் அவர்கள் ஆண்ட சொல்லுக்கு ‘விலையில்லாதது’ என்றும் ‘விடுதலையுடையது’ என்றும் இருபொருள் உண்டு. ஆதலால் அவர்கள் ஆண்டுக்கணக்கில் விளக்கம் கூறிக்கொண்டே இருக்க நேர்ந்தது. 1998இல், இன்று நாம் ‘திறவூற்று’ என வழங்கும் மற்றொரு பெயரைச் சிலர் முன்வைத்தமைக்கு இப்பொருள்மயக்கமும் ஒரு கரணியம். தமிழில் அவ்விடர்ப்பாடு இல்லை. ‘கட்டற்ற’ என்ற அளவிலேயே பொருள் விளங்கிவிடுகின்றது; காசைப் பற்றிய எண்ணமே எழுவதில்லை.

இனி முதல் நிகழ்ச்சி. இலினசு தோர்வால்ட்சு 1991இல் தொடங்கிய இலினக்சுப் பணிக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்னும் பேச்சு 1996இல் அதன் ஆக்குநரிடையே எழுந்தது. கழுகு, சுறா போன்ற வீறுடைய உயிர்களைச் சிலர் முன்மொழிந்தனர். தோர்வால்ட்சோ தமக்குப் பெங்குவின் பறவைமீது விருப்பம் என்றார். அதுவும் சீறிப் பாயும் பறவையன்று. வயிறார உண்டு நிறைவோடு அமர்ந்திருக்கும், சற்றே பருத்த பறவை! தெக்சாசு ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இலாரி எவிங்கு என்னும் இளைஞர் அவ்வாறே வரைந்தார். ‘தக்சு’ என்று இன்று உலகெங்கும் அறியப்படும் பறவை அதுவே.

அடையாளப் படத்துக்கென மூன்று போட்டிகள் நடந்தன. அப்பறவை ஒன்றிலேனும் வெல்லவில்லை. ஆயினும் மக்கள் உள்ளத்தில் அதுவே குடியேறிற்று. ஏன்? அழகு ஒரு கரணியம். மற்றொரு கரணியத்தையும் நான் காண்கின்றேன். எவிங்கு அப்படத்துக்குக் கொடுத்த இசைவு மிக எளிது. எவரும் பயன்படுத்தலாம், எவரும் மாற்றலாம், யாரேனும் கேட்டால், வரைந்தவர் பெயரையும் வரைய உதவிய ‘கிம்பு’ என்னும் மென்பொருளின் பெயரையும் கூறினாற் போதும். இவ்வளவே. எனவே, அப்பறவைக்குத் தொப்பி அணிவித்தவர் உண்டு. போர்க்கோலம் பூட்டியவர் உண்டு. அவரவர் நாட்டுடை உடுத்தியவர் உண்டு. 2009இல் ஆத்திரேலியாவின் தாசுமேனியப் பகுதியில் அழிவை எதிர்நோக்கியிருந்த ‘தாசுமேனியப் பேய்’ என்னும் விலங்கின்மீது உலகின் பார்வையைத் திருப்புவதற்காக, ஒரு பதிப்பில் மட்டும் பறவையை விலக்கிவிட்டு, பொய்யலகு கட்டிய அவ்விலங்கை அமர்த்தினர். வணிக நிறுவனம் எதுவும் தன் பொறியோடு இவ்வாறு விளையாட வெளியாரை விடுமா? எண்ணிப் பாருங்கள்.

கருவியின் பெயரையும் கூறுக என்றாரே, அக்கருவியின் கதை என்ன? பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சுபென்சர் கிம்பால், பீட்டர் மாத்திசு என்னும் இருவர் 1995இல் தொடங்கி, 1996இன் தொடக்கத்தில் மக்களுக்கு வழங்கிய ஓவிய மென்பொருள் அது. எவிங்கு கையாண்ட பதிப்பில், இன்று உங்களுக்குக் கைவந்த அடுக்குமுறைகூட இல்லை. ஒரே தளத்தில் வரைந்து, ஒரே தளத்தில் நிறந்தீட்டினார். அப்பதிப்பின் பொத்தான்களும் பட்டியல்களும் கட்டுண்ட வேறொரு மென்பொருளைச் சார்ந்திருந்தன. அச்சார்பை அறுக்க மாத்திசு தாமே ஒரு கருவித்தொகுதி எழுதினார். 1997இல் தொடங்கிய ‘குனோம்’ என்னும் திரைச்சூழல் அத்தொகுதியின்மேல்தான் எழுந்தது. ஓவியர்க்கென்று வெட்டிய வாய்க்கால் ஊர்முழுதும் பாய்ந்தது! கட்டற்ற கருவியால் வரைக என்று நான் கூறுவது வெறும் பிடிவாதத்தால் அன்று என்பதை இதனால் அறியலாம்.

இரண்டாவது நிகழ்ச்சி தெபியன் பற்றியது. 1993இல் ஈயான் மர்டாக்கு தொடங்கிய இவ்வியங்குதளம் இன்றும் தன்விருப்பத் தொண்டர்களால் நடத்தப்படுகின்றது. நடுவணரசின் உயர்கணிமை வளர்ச்சி நடுவம் சென்னையிலிருந்து உருவாக்கிய ‘பாசு’ இயங்குதளமும் தெபியனை அடிப்படையாகக் கொண்டதே. 1999இல் நடந்த போட்டியில் தெபியனுக்குச் செந்நிறச் சுருள் ஒன்று பொறியாயிற்று. அதனை இருவகையாக வைத்தனர். சுருள் மட்டும் உள்ளது எல்லார்க்கும். குப்பியினின்று சுருள் எழுவதுபோல் அமைந்தது தெபியனின் முறையான பயன்பாட்டுக்கு மட்டும்.

ஆனால் ஒரு முரண் நேர்ந்தது. பொதுச்சுருளுக்கு அவர்கள் முதலில் எழுதிய உரிமம், தெபியனே வகுத்த கட்டற்ற மென்பொருள் வரையறைக்கு ஒத்து வரவில்லை! பிறருடைய நிரல்களை ஒவ்வொரு வரியாக ஆய்ந்து தள்ளவும் கொள்ளவும் செய்தவர்கள், தம் நெற்றிப்பொட்டை ஆயாது விட்டனர். தொண்டர்கள் அதனைச் சுட்டிக் காட்டினர். பின்னர்ப் பொதுச்சுருள் கட்டற்ற உரிமத்தின்கீழ்க் கொணரப்பட்டது. தம்மேல் தம் நெறியையே செலுத்திய அந்நேர்மையை நாம் போற்ற வேண்டும்.

இன்று தெபியனின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம், நடுத்திரை, நுழைவுத்திரை, தொடக்கத்திரை, நிறுவியின் தலைப்பட்டை ஆகியவற்றுக்கு ஒரே கோலத்தில் ஓவியம் வேண்டுமென ஓவியர்க்கு அழைப்பு விடுக்கின்றனர். வருவனவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்தறிகின்றனர். 2015இல் வெளிவந்த 8ஆம் பதிப்புக்கும் 2021இல் வெளிவந்த 11ஆம் பதிப்புக்கும் சூலியெத் தாக்கா என்னும் பெண் ஓவியரின் படைப்புகள் தெரிந்தெடுக்கப்பெற்றன. 2025 ஆகத்தில் வந்த 13ஆம் பதிப்புக்கு எலீசு கூப்பர் என்பாரின் ஓவியம் அமைந்தது. அப்பதிப்பின் பெயர் திரைப்படம் ஒன்றில் வரும் மூன்றுகொம்பு விலங்குப் பொம்மையின் பெயர். ஆதலின் கொம்புடைய அத்தொல்விலங்கின் இனப்பெயரையே தம் ஓவியத்துக்குச் சூட்டினார். நிரலால் மட்டுமன்றித் தூரிகையாலும் ஒருவர் அப்பணியில் முழுப் பங்காளி ஆகலாம் என்பதற்கு இவர்கள் சான்று.

மூன்றாவது நிகழ்ச்சியே நம் பொருளுக்கு உயிர்நாடி. பயர்பாக்சு என்னும் உலாவியை நீங்கள் அறிவீர்கள். உலக உருண்டையைச் சுற்றிப் படுத்த நெருப்புநிற நரி அதன் பொறி. அதன் நிரல் கட்டற்றது. ஆனால் அந்நரியின் படம் அன்று கட்டுண்டிருந்தது. மாற்றவோ மாற்றி வழங்கவோ உரிமையில்லை. ஆதலின் தெபியனார் பெயரை வைத்துக்கொண்டு படத்தை விலக்கினர். 2006இல் மொசில்லா நிறுவனத்தார், ‘பெயர் வேண்டுமாயின் படமும் வேண்டும், நீங்கள் செய்யும் திருத்தங்களுக்கு எம் ஒப்புதலும் வேண்டும்’ என்றனர். தெபியனார் உடன்படவில்லை. உலாவிக்கு ‘ஐசுவீசல்’ எனப் பெயர் மாற்றினர். பனிமரநாய் என்பது அதன் பொருள். நெருப்புக்குப் பனி, நரிக்கு மரநாய்! புதுப்பெயருக்குப் புதுப்பொறியும் வரையப்பட்டது. பத்தாண்டுகள் அப்பெயரே வழங்கிற்று. படத்தின் உரிமமும் கட்டற்றதாகி, இருவரும் ஒருவரையொருவர் நம்பிய பின்னரே, 2016இல் பழைய பெயரும் பொறியும் தெபியனுக்குத் திரும்பின.

மொசில்லாவின் பக்கமும் ஒரு முறைமை உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. எவனோ ஒருவன் கெடுநிரலை உள்ளே நுழைத்து, அதே பெயரிலும் அதே முகத்திலும் பரப்பினால் மக்கள் ஏமாறுவரே என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால், படைப்புரிமை வேறு, வணிகக்குறியுரிமை வேறு. முன்னது, படத்தைப் படியெடுப்பதும் மாற்றுவதும் பற்றியது. பின்னது, அப்படத்தைக் காட்டிப் பிறரை ஏமாற்றுவது பற்றியது. ஏமாற்றைத் தடுக்கப் பின்னது போதும். அதற்காக முன்னதையும் பூட்டி வைக்க வேண்டியதில்லை. திருடனுக்கு அஞ்சி ஊர்க்கிணற்றை மூடுவார் உண்டோ?

இம்மூன்று நிகழ்ச்சிகளினின்றும் நீங்கள் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் ஐந்து.

ஒன்று: பணியின் பண்பை முதலில் அறிக. அதனைச் செய்வோரோடும் பயன்படுத்துவோரோடும் பேசுக. தோர்வால்ட்சு கேட்ட அந்த நிறைவான பறவையே அப்பணியின் இயல்பைக் காட்டிற்று அன்றோ?

இரண்டு: சிறிதினும் சிறிதாக வரைந்து பார்க்க. பதினாறு படவணு அகலமும் பதினாறு படவணு உயரமும் உள்ள கட்டத்தில் உங்கள் பொறி அடையாளம் தெரிகின்றதா? கருமை ஒன்றாலேயே அச்சிட்டால் உருக்குலையாது நிற்கின்றதா? நில்லாதாயின், நுணுக்கங்களைக் களைக. நிறங்களை எண்மதிப்போடு குறித்து வைக்க. ‘சிவப்பு’ என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு சிவப்பு வரும்.

மூன்று: ஊற்றுக்கோப்பை வழங்குக. படவணுக்களால் ஆன படத்தைப் பெரிதாக்கினால் விளிம்பு படிக்கட்டாகும். கோடுகளையும் வளைவுகளையும் கணக்காகப் பதியும் திசையன் படமோ எவ்வளவு பெரிதாக்கினும் கெடாது. தக்சுப் பறவையையும் பிற்காலத்தில் பலர் திசையனாக மீட்டு வரைந்தனர். 2003இல் தோன்றிய ‘இங்க்சுகேப்பு’ இதற்கென்றே உள்ள கட்டற்ற கருவி. முடிந்த படத்தை மட்டும் தந்து வரைந்த கோப்பை வைத்துக்கொள்பவர், சமைத்த சோற்றைத் தந்து விதைநெல்லைப் பூட்டி வைப்பவர்.

நான்கு: எழுத்துருவின் உரிமம் காண்க. பணியின் பெயரைத் தமிழில் பொறிக்கும்போது கட்டுண்ட எழுத்துரு ஒன்றைக் கையாண்டால், முழுப்பொறியும் சிக்கலில் மாட்டும். நம் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லின் ஆங்கில வடிவைப் பெயராகக் கொண்ட ‘கட்டமரான்’ எழுத்துரு கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றது. ‘நோட்டோ’ வரிசையிலும் தமிழ் உண்டு. மற்றொன்று: உங்கள் எழுத்துரு பிறர் கணினியில் இல்லையாயின் கொம்பும் புள்ளியும் இடம்பெயரலாம். எனவே எழுத்தை வளைகோடாக மாற்றிய படி ஒன்றும், திருத்தத்தக்க எழுத்தாகவே உள்ள படி ஒன்றும் ஆக இரண்டையும் தருக.

ஐந்து: உரிமத்தை எழுத்தில் தருக. வாய்ச்சொல் போதாது. பெயர் குறிப்பிடலையும் அதே உரிமத்தில் பகிர்தலையும் மட்டும் வேண்டும் படைப்புப் பொதும உரிமத்தைத் தெரிவு செய்க. ‘வணிகத்துக்கு ஆகாது’, ‘மாற்றலாகாது’ என்னும் கட்டுகளைச் சேர்த்தால் அது கட்டற்றதாகாது. இணையத்தில் கண்ட பிறர் படத்தைச் சிதைத்து ஒட்டித் தமது என்பவரை நான் ஓவியர் வரிசையிலேயே சேர்ப்பதில்லை.

‘அவ்வாறாயின் உழைத்தவனுக்கு என்ன மிஞ்சும்?’ என்று கேட்பீர்கள். முறையான கேள்வி. பெயர் மிஞ்சும். எவிங்கு தம் பறவையைப் பூட்டி வைக்கவில்லை. அதனாலேயே அவர் பெயர் இன்றளவும் வழங்குகின்றது. ஆனால் பெயரை மறைத்து உழைப்பை மட்டும் கொள்ளும் பணிக்கு நீங்கள் அடிபணிய வேண்டியதில்லை. பொதுப்பணி செய்வோரும் ஒன்றை உணர வேண்டும். நிரல் எழுதியவர் பெயர் எங்கு உளதோ, அங்கு வரைந்தவர் பெயரும் இருத்தல் வேண்டும். வருவாயுள்ள பணியாயின் கூலியும் தருதல் வேண்டும். கட்டற்றது என்பது கூலியற்றது என்பதாகாது.

கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றின் பட்டியல்களைத் தொண்டர்கள் பலர் ஊதியம் கருதாது தமிழாக்கியுள்ளனர். உள்ளே தமிழ் பேசும் அம்மென்பொருள்களுக்கும், தமிழர் தாமே படைத்துவரும் கட்டற்ற மென்பொருள்களுக்கும் புறத்தே நம் கைவண்ணம் எங்கே? சொல்லால் தொண்டு செய்வோர் வந்தனர். கோட்டால் தொண்டு செய்வோரும் வருதல் வேண்டும். இன்றிரவே ஒரு பணியைத் தேர்க. அதன் ஆக்குநர்க்கு எழுதுக. ஒரு கோடு வரைக. அதனை ஊற்றோடும் உரிமத்தோடும் உலகுக்கு வழங்குக.