பாலும் பணியும்



சென்ற மாதம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கச் சென்றபோது, நம் ஊர்ப் பெண்ணொருத்தி பூண்டு பொறுக்கக் கண்டேன். “பால் ஊறுவதற்கா, அம்மா?” என வினவினேன். “பாலுக்குக் குறைவில்லை, மாமி, ஊட்டத்தான் வழியில்லை. திங்கட்கிழமை முதல் நான் அலுவலகத்தில், குழந்தை காப்பகத்தில்” என்று கண்கலங்கினாள்.

வழி உண்டு. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டமே, குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை நாள்தோறும் இருமுறை பாலூட்ட இடைவேளை அளித்தது. 2017இல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவரலாம் என்றும் விதித்தது. இவ்வுரிமைகள் இன்றும் உள. கேட்கத்தான் நாம் கூசுகிறோம்.

இத்தில்லியிலேயே 1969இல், கட்டட வேலை நடந்த இடத்தில் கூலிப்பெண்களின் மகவுகள் புழுதியில் கிடக்கக் கண்டு, மீரா மகாதேவன் அம்மையார் அங்கேயே காப்பகம் அமைத்தார். தாய் அருகிருந்தால் பாலுக்கு என்ன தடை?

தொலைவில் பணிபுரிவோர் பாலைத் தூய கலத்தில் பீய்ச்சி வைக்கலாம். குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் வரை கெடாது. வெளியே நான்கு மணி நேரம் என்பர். தில்லிக் கோடையில் அதை நம்பற்க! அடுப்பிலேற்றிக் காய்ச்சலாகாது, வெதுவெதுப்பான நீரில் கலத்தை வைத்தால் போதும்.

இவ்வளவும் கடை வாசலிலேயே சொன்னேன். “காப்பகத்தார் ஒப்புவார்களா?” என்றாள். திங்களன்று நானும் உடன் சென்றேன், ஒப்பினர்.