இரத்தப் பரீட்சைக் கணக்கும் இருதய க்ஷேமமும்

(ஜலகண்டாபுரத்தில் நம் சங்கத்தார் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நெசவாளர் கூட்டத்தில் இருதய நோயைப்பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கருதலாம். குடும்பத்தைத் தாங்கும் கை ஐம்பது வயதில் திடீரென ஓய்ந்துவிட்டால் தறி நிற்கிறது, கடன் நிற்பதில்லை. ஆகையினாலேயே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

கனடா தேசத்தில் பணிபுரியும் நம் நாட்டு வைத்திய நிபுணர் சலீம் யூசுப் அவர்கள் தலைமையில், 52 தேசங்களில் ஒரு பேராராய்ச்சி நடைபெற்றது. 2004-ஆம் ஆண்டிலும் 2007-ஆம் ஆண்டிலும் வெளியான அதன் முடிவுகளுள் இரண்டு நமக்கு முக்கியமானவை. முதலாவது, தென் ஆசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. இது பிற தேசத்தாரினும் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் முந்தியது. இரண்டாவது, மாரடைப்புக்குரிய காரணங்களை ஆராய்ந்தவிடத்து, அபோ-பி, அபோ-ஏ1 என்னும் இரு புரதங்களின் விகிதமே முன்னணியில் நின்றது. புகை பிடித்தல் அதற்கடுத்து நின்றது.

அபோ-பி என்பது யாது? கொழுப்பு நீரில் கரையாது. ஆகவே ஈரலானது அதனை நுண்ணிய துகள்களில் பொதிந்து இரத்தத்தில் அனுப்புகிறது. எல்.டி.எல். முதலிய தீமை செய்யும் துகள் ஒவ்வொன்றிலும் அபோ-பி ஒன்றே ஒன்று உண்டு. எனவே அபோ-பியை அளந்தால் துகள்களின் தொகை புலப்படும். இத்துகள்களே இரத்தக் குழாயின் சுவரினுள் நுழைந்து, தங்கி, அடைப்பை உண்டாக்குகின்றன.

நம் தொழிலிலேயே இதற்கு உவமை உண்டு. இரண்டு இராத்தல் கட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 20-ஆம் நம்பர் நூலாயின் ஓர் இராத்தலில் 840 கஜச் சிட்டங்கள் 20 இருக்கும். 80-ஆம் நம்பர் நூலாயின் 80 இருக்கும். தராசுக்கு இரண்டும் ஒன்றே, எண்ணுகிறவனுக்கோ ஒன்றன்று. வழக்கமான பரீட்சையில் காணும் எல்.டி.எல். என்பது கொழுப்பின் எடை. அபோ-பி என்பது சிட்டத்தின் எண்ணிக்கை போன்றது. நீரிழிவும், பருத்த வயிறும், மிகுந்த டிரைகிளிசரைடும் உடையாரிடத்தில் துகள்கள் சிறுத்துப் பெருகுகின்றன. எடை குறைவாயிருக்க, எண்ணிக்கை மிகுந்திருக்கும். நம் நாட்டாரிடையே இந்நிலை மிகச் சாதாரணம்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். ஒருவருடைய சீட்டில் மொத்தக் கொலஸ்டிரால் 178, எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 250, எல்.டி.எல். 96 என்றிருப்பதாகக் கொள்வோம். எல்.டி.எல். 100-க்குக் கீழே என்று அவர் மகிழ்ந்து வீடு திரும்புவார். ஆனால் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள்; 146 வருகிறது. இந்திய இருதய வைத்தியர் சங்கம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, சாதாரண மக்களுக்கு இத்தொகை 130-க்குக் கீழ் இருத்தல் வேண்டும். முன்னமே மாரடைப்புக் கண்டவர்க்கோ 85-க்குக் கீழ் இருத்தல் வேண்டும். இக்கழித்தலுக்குக் காசு ஒன்றும் செலவில்லை. சந்தேகம் எழுந்தால் வைத்தியரிடம் அபோ-பி பரீட்சையைப்பற்றிக் கேளுங்கள். துகளின் அளவைப் பிரித்துக் காட்டும் விலையுயர்ந்த பரீட்சைகள் பெரும்பாலோர்க்கு அவசியமில்லை.

இன்னொன்று, 'லிப்போபுரோட்டீன் சிறு ஏ' என்பது. இது பெரும்பாலும் தாய் தந்தையர் வழியே வருவது; பத்தியத்தால் குறைவதில்லை. ஆயுளில் ஒரு முறையேனும் இதனைப் பார்த்துவிடுதல் நலம் என்று மேற்கூறிய நெறிமுறை சொல்லுகிறது. 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் மற்ற அபாயங்களை இன்னும் கண்டிப்பாக அடக்குதல் வேண்டும். இளம் வயதில் மாரடைப்பால் ஒருவரை இழந்த குடும்பத்தில், அவருடைய சகோதரரும் மக்களும் இதனை அலட்சியம் செய்யலாகாது.

மாத்திரையால் தொகை குறைந்ததும், "நோய் தீர்ந்தது" என்று மருந்தை நிறுத்திவிடுவோர் பலர். அது மருந்தின் பலனேயன்றி மருந்து வேண்டாமென்பதற்குச் சாட்சியன்று. வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது. பீடி, சிகரெட்டு, புகையிலை ஆகியவற்றை அறவே ஒழித்தலும், நாள்தோறும் நடத்தலும், இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் அடக்குதலும் எந்தச் சீட்டில் எந்த எண் வந்தாலும் விடத்தகாதவை.

கணக்குப் பார்ப்பது வருமுன் காப்பதற்கே. நெஞ்சில் பாரமும், வியர்வையும், இடக்கையிலோ தாடையிலோ வலியும் கண்டால் கணக்குப் பார்க்க அவகாசமில்லை. வாயு என்று எண்ணி வெந்நீர் குடித்துக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதலுதவி மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்களில் கல்யாணத்துக்கு மொய் எழுதும் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதுபோலவே, நம் உறவினருள் எவர் எந்த வயதில் மாரடைப்புற்றார் என்பதையும் ஒரு தாளில் எழுதி, இரத்தப் பரீட்சைச் சீட்டுடன் வைத்தியரிடம் காட்டுங்கள். எண்களைத் தனியே பார்ப்பதினும் குடும்ப வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதே அவருக்குத் தெளிவு தரும். நம் வீடுகளில் தறியின் ஓசை நெடுங்காலம் கேட்பதாக!