ஊசிக்குப் பின் எழும் அனல்
(அம்பாங் பெச்சாவில் தோட்டத் தொழிலாளர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் இன்று சம்பள உயர்வைப் பற்றிப் பேச வரவில்லை. ஆண்கள் தங்களுக்குள்ளேயே பேசக் கூசுகிற ஒரு விஷயத்தை, பெண்களையும் முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு பேசப் போகிறோம். பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டு, அதற்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்களுக்குத் திடீர் திடீரென்று உடம்பில் அனல் எழும்புகிறதே, அதைப் பற்றியதுதான் நம் பேச்சு. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு காது கொடுங்கள்.

வடசிலாங்கூரில் கித்தாக்காடு பெரும்பாலும் செம்பனையாக மாறிவிட்டது. ஆயினும் ராசா, பத்தாங் காலி, களும்பாங், பெஸ்தாரி ஜெயா பக்கங்களில் அன்று இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடியவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்று அறுபதும் எழுபதும் வயது. இந்த நோய் தேடி வருவதும் அந்த வயதைத்தான். மலேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கையில், ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் பெருங்குடலுக்கும் நுரையீரலுக்கும் அடுத்த மூன்றாம் இடம் பிராஸ்டேட்டுக்குத்தான். ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுச் சங்கதி அன்று.

பிராஸ்டேட் என்பது ஆணின் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சிறு சுரப்பி. அதில் வரும் புற்று, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. இதை 1941-ல் சிக்காகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டரும் அவருடைய துணைவர் ஹாட்ஜஸும் நிரூபித்தார்கள். விதைகளை நீக்கிவிட்டால், எலும்பு வரை பரவிய நோய்கூட அடங்குவதைக் கண்டார்கள். 1966-ல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகு மூளையிலிருந்து விதைகளுக்குக் கட்டளை போகும் இரசாயனத்தை 1971-ல் ஆண்ட்ரூ ஷாலியின் குழுவினர் கண்டறிந்தார்கள். அதற்காக அவரும் கில்லெமினும் 1977-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அந்தக் கண்டுபிடிப்பின் பலன்தான் இன்று நமக்குப் போடப்படும் கோசரெலின், லியூப்ரோலைட் போன்ற ஊசிகள். கத்தி வைக்காமலே ஆண் ஹார்மோனை அடக்கிவிடும் ஊசிகள் இவை.

இந்த அம்பாங் பெச்சா என்ற பெயருக்கு உடைந்த அணை என்று பொருள். 1883-ல் அணை உடைந்து பழைய கோல குபுவை வெள்ளம் அடித்துச் சென்றதால் வந்த பெயர். நம் ஊசியோ அதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. புற்றுக்குப் பாயும் நீருக்கு அணை போடுகிறது. ஆனால் அந்த நீரைக் குடித்து வாழ்ந்தது புற்று மட்டுமா? உடம்பில் வேறு பல இடங்களும் அதையே நம்பி இருந்தன. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பால் வெட்டியவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். வெயில் ஏறுமுன் ஏன் வெட்டுகிறோம்? குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் நீர் நிறைந்து பால் ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். மரத்துக்கு ஒரு சூட்டுக் கணக்கு இருப்பது போல மனிதனுக்கும் உண்டு. அந்தக் கணக்கை வைத்திருக்கும் கிராணி மூளையின் அடியில் இருக்கிறான். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அவன் சும்மா இருப்பான். அளவு மீறினால்தான் வேர்க்கச் செய்வான், அல்லது நடுங்கச் செய்வான். ஆண் ஹார்மோனில் ஒரு பகுதி நம் உடம்பிலேயே பெண் ஹார்மோனாக மாறி இந்தக் கிராணியை அமைதியாக வைத்திருந்தது. இப்போது இரண்டும் குறைந்துபோக, அவன் சிடுசிடுப்புக்காரனாகிவிடுகிறான். ஒரு வாய் சுடு காப்பி போதும். காடு தீப்பற்றிவிட்டது போல மணியடிக்கிறான். நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறுகிறது, சட்டை நனைகிறது, சில நிமிஷங்களில் அடங்குகிறது. பின்னாலேயே குளிரும் வருகிறது, ஏனென்றால் தேவையில்லாமல் உடம்பைக் குளிர வைத்துவிட்டான் அல்லவா?

ஊசி போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இதை ஏதோ ஓர் அளவில் அனுபவிக்கிறார்கள். சிலருக்கு நாளைக்கு ஒன்றிரண்டு முறை. சிலருக்கு இராத்திரி முழுவதும். பாய் நனைந்து, தூக்கம் கெட்டு, மறுநாள் எரிச்சலோடு எழுந்திருப்பவர்கள் உண்டு.

தோழர்களே, நாம் இவ்வளவு தூரம் சொல்லி வந்தது அடுத்து வரும் வார்த்தைக்காகவே. இந்த அனலுக்குப் பயந்து ஊசியை நிறுத்தாதீர்கள்! "இந்த ஊசி நம் உடம்புக்கு ஆகவில்லை, உள்ளே எரிக்கிறது, விஷம்" என்று சொல்லி ஆஸ்பத்திரித் தேதியைத் தவற விடுகிறவர் ஒவ்வொரு லயத்திலும் ஒருவராவது இருப்பார். ஊசியின் வேகம் தணிந்தால் ஹார்மோன் திரும்ப ஊறும். அனல் அடங்கும், உண்மைதான். ஆனால் கூடவே புற்றும் கண் விழித்துக்கொள்ளும். அது வலியில்லாமல் வளர்ந்து, எலும்பைப் பிடித்த பிறகுதான் நமக்குச் சொல்லும். சிலருக்கு டாக்டரே சிறிது காலம் ஊசியை நிறுத்திவைத்து, இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே வருவதுண்டு. அது அவர் கணக்குப் பார்த்துச் செய்யும் காரியம். நம் இஷ்டத்துக்கு நிறுத்துவதும் அதுவும் ஒன்றல்ல. இன்னொன்று, அனலே வராதவர் "எனக்கு ஊசி வேலை செய்யவில்லை" என்று கலங்கவும் வேண்டாம். வேலை செய்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

அனலையும் காய்ச்சலையும் குழப்பிக்கொள்வது இன்னொரு ஆபத்து. அனல் வந்து போய்விடும், காய்ச்சல் நிற்கும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 38 டிகிரிக்கு மேல் காட்டினால் அது ஊசியின் வேலை அன்று. நம் பக்கத்தில் டெங்கியும் உண்டு, எலிக் காய்ச்சலும் உண்டு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி வீட்டில் செய்யக் கூடியது. இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. எது தூண்டுகிறது என்பதை ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டோம், என்ன செய்துகொண்டிருந்தோம். காப்பியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது நம்மவர் வழக்கம், ஆற்றிக் குடியுங்கள். மிளகாய்க் குழம்பு சிலரைத் தூண்டும், சிலரை ஒன்றும் செய்யாது, நோட்டு சொல்லும். கள்ளும் சம்சுவும் பீரும் பெரும்பாலோரைத் தூண்டும் (அவற்றைப் பற்றி நாம் வேறு காரணங்களுக்காகவும் பலமுறை பேசியாகிவிட்டது, இன்று விட்டுவிடுகிறோம்). சிகரெட்டை விடுங்கள். நைலான் பனியன் வேண்டாம், பருத்தி போடுங்கள். தலைமாட்டில் மாற்றுச் சட்டை, ஈரத் துணி, ஒரு போத்தல் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த சட்டையோடு விசிறியடியில் கிடந்தால் குளிர் பிடிக்கும். முதலில் சட்டையை மாற்றுங்கள். அனல் கிளம்புகிறது என்று தெரிந்ததும் மெதுவாக ஆழ்ந்து மூச்சு விடுங்கள். தகரக் கூரையின் கீழ் படுப்பவர்களுக்குப் பாதித் தொல்லை கூரையால்தான். வீட்டு வசதி கேட்டுச் சங்கம் போராடியதன் அர்த்தம் இந்த நோயாளிக்கு இராத்திரி இரண்டு மணிக்கு நன்றாகத் தெரியும்.

இவையெல்லாம் செய்தும் அடங்காவிட்டால் மருந்து உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். மெட்ரோக்ஸி புரோஜெஸ்டிரோன், மெஜெஸ்ட்ரோல், சைப்ரோடிரோன் என்று ஹார்மோன் வகை மாத்திரைகள் இருக்கின்றன. வெண்லஃபாக்ஸின், கபாபென்டின், ஆக்ஸிபியூட்டினின் என்று வேறு வகையும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு தோஷம். மெஜெஸ்ட்ரோல் உடம்பைப் பெருக்க வைக்கும், இரத்தம் கட்டிக்கொள்ளவும் இடம் தரும். சைப்ரோடிரோன் ஈரலைப் பாதிக்கலாம். வெண்லஃபாக்ஸின் சிலருக்கு இரத்த அழுத்தத்தை ஏற்றும். அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. கபாபென்டின் தூக்கம் வரவழைக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் சொல்லிவிட வேண்டும். ஆக்ஸிபியூட்டினின் வாயை உலர்த்தும், மூத்திரம் அடைபடுகிறவருக்கு ஆகாது. எது யாருக்கு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நமக்கு வேண்டியது மருந்து இருக்கிறது என்ற செய்தி.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 1994-ல் அமெரிக்காவில் மெஜெஸ்ட்ரோலைச் சோதித்தபோது, சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து தின்றவர்களுக்கு அனல் நூற்றுக்கு 85 பங்கு குறைந்தது. வெறும் மாத்திரை தின்றவர்களுக்கும் 21 பங்கு குறைந்தது! ஆகவே சந்தையில் விற்கும் லேகியத்தைத் தின்றுவிட்டு "எனக்குக் குறைந்தது" என்று ஒருவர் சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்லவில்லை; ஆனால் லேகியம் வேலை செய்தது என்று அதனால் ஆகிவிடாது. அதிலும் ஆண்மை விருத்தி என்று விற்கும் சரக்குகளைத் தொடவே தொடாதீர்கள். அவற்றில் ஆண் ஹார்மோன் கலந்திருந்தால், ஊசி கட்டிய அணையை நம் கையாலேயே வெட்டியதாகும்.

தாய்மார்களே, இப்போது உங்களிடம். மாதவிலக்கு நின்ற காலத்தில் உங்களில் பலர் பட்ட அனலும் இதுவும் ஒரே சங்கதி. அன்று நீங்கள் அடுப்படியில் நின்று வேர்த்துக் கொட்டியதைக் கண்டு "என்ன வந்தது உனக்கு?" என்று கேட்ட அதே மனிதர்தான் இன்று படுகிறார். கணக்குத் தீர்த்துக்கொள்ள இது சமயமில்லை! இந்த விஷயத்தில் இந்த லயத்திலேயே கைகண்ட வைத்தியர் நீங்கள்தான். எதை உடுத்தினால் ஆகும், எதைத் தின்றால் ஏறும் என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். அண்ணன்மாரே, "பொம்பளை வியாதி வந்துவிட்டது" என்று வெட்கப்பட்டு மறைப்பதால்தான் பலர் டாக்டரிடம்கூட வாய் திறப்பதில்லை. இச்சை குறைவதும், மனம் சோர்வதும், காரணமின்றிக் கண் கலங்குவதும்கூட இந்த ஊசியோடு வருபவைதான். மனைவியிடம் சொல்லுங்கள். எலும்பு தேய்வதும் சர்க்கரை ஏறுவதும் உண்டு. அதனால் தினமும் நடப்பதும் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி, வேலை செய்த காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. ஊழியர் சேமநிதியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கவும் வழி இருக்கிறது. வேலை செய்யவே முடியாத நிலை வந்தால், 60 வயது முடியுமுன்பே சொக்சோவில் மனுப் போட வேண்டும். படிவத்தை நிரப்பத் தெரியாதவர் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.

மாதா மாதம் செலாயாங்குக்கும் கோலாலம்பூருக்கும் அலைய முடியவில்லை என்பவர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியும் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்; தனக்கு அது ஆகுமா என்று கேளுங்கள். டாக்டரின் அறையில் கிடைப்பது சில நிமிஷம். மலாயில் சொல்லத் தயங்குகிறவருக்கு இது போதும்: "செலெபாஸ் சுந்திக், பாடான் ராசா பானாஸ், பெர்பெலு." ஊசிக்குப் பிறகு உடம்பு சுடுகிறது, வேர்க்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு அந்த இரண்டு வாரத்து நோட்டை மேசை மேல் விரித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் கிராணிமார்கள் எழுதிக் கொடுப்பார்கள். கூட்டம் முடிந்ததும், யார் யார் எழுதித் தருவீர்கள் என்று இங்கேயே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.