குளித்த தண்ணீருக்கு ஒரு கல்வாழைப் பாத்தி

(மட்டாஞ்சேரியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுற்றிலும் காயல், வருஷத்தில் இரண்டு மழைக்காலம். ஆனாலும் மட்டாஞ்சேரியில் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. நிலத்தடி நீரில் உப்பு. 2023 தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தில் பம்புகள் பழுதானபோது மேற்குக் கொச்சி வாரக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பியிருந்தது. 2019 கோடையில் சென்னை அங்கத்தினர்கள் பட்ட பாடும் எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவு சிரமப்பட்டு வரும் தண்ணீரில் பெரும்பங்கு குளிக்கவும் துணி துவைக்கவும் போய், உடனே சாக்கடையில் சேர்கிறது. அந்நாளில் கிணற்றங்கரைத் தண்ணீர் கொல்லை வாழைக்குப் போகும். அதையே சிறிய இடத்தில், துர்நாற்றமில்லாமல் செய்வதுதான் செயற்கை ஈரநிலம். 1950களில் ஜெர்மனியில் கேதே சைடல் என்ற அம்மையார் நாணல்கள் அழுக்கு நீரைத் தெளிவிப்பதை ஆராய்ந்தார். ஆரோவில்லில் இம்முறை பல இடங்களில் உண்டு. சென்னையில் டாக்டர் இந்துகாந்த் ராகடே வீடுகளுக்குக் கல்வாழைப் பாத்தியைப் பரிந்துரைத்தார்.

சுமார் இரண்டடி ஆழத் தொட்டியில் கருங்கல் ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட வேண்டும். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் அளவில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழேயே ஓட வேண்டும்; மேலே தேங்கினால் கொசு வரும். ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களே அழுக்கைத் தின்கின்றன. நம் ஊரில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால், தொட்டியைத் தரைக்கு மேல் எழுப்பி, அடியில் சிமெண்ட் பூசுவது அவசியம்.

சமையலறைத் தண்ணீரைச் சேர்க்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஜல்லியை அடைத்துவிடும். சலவைத் தூளின் உப்பை இந்தப் பாத்தி நீக்காது. வறண்ட ஊர்களில் வெயிலும் செடியும் நீரைக் குடித்துவிட, மிஞ்சும் நீரில் உப்பு ஏறும். ஆகவே தூளைக் குறையுங்கள். பாத்தியைத் தேவைக்கு மேல் பெரிதாக்காதீர்கள். வெளிவரும் நீர் தென்னைக்கும் வாழைக்கும் பூச்செடிக்கும் ஏற்றது. பச்சையாக உண்ணும் காய்களுக்கும் பூஜைக்கான துளசிக்கும் வேண்டாம்.

நம்மில் பல வீடுகளில் வயதான தம்பதிகள் மட்டுமே இருக்கிறார்கள். லாரி வரும் நாளில் குடம் தூக்க ஆளில்லை. செடிக்கு ஊற்றும் நாலு குடம் மிச்சமானால், அவர்கள் தூக்க வேண்டாத நாலு குடம் அது. கொல்லை உள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் முதலில் கட்டிப் பாருங்கள். அளவெடுத்துக் கொடுக்க நான் வருகிறேன்.